பெரிய கோயில் சுவரைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

போன வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாள் நண்பர்கள் ஐந்து பேர் தஞ்சாவூர் போய் வந்தோம். எல்லாரும் பொறியியல் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு வெள்ளி ராத்திரி எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். சனிக்கிழமை பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால். ஞாயிற்றுக்கிழமை தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கேயும் போகவில்லை. மறுபடியும் பெரிய கோயிலுக்கே போனோம். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சனிக்கிழமை எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் தாண்டி உள்ளே போனோம், நந்திக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம், கருவறைக்கு மேலே எழும் விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நின்றோம். 200 அடிக்கு மேல் உயரம். ராஜராஜ சோழன் 1010இல் கட்டி முடித்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருந்தாலும், கீழே நின்று பார்க்கும்போதுதான் அந்த ஆண்டுக்கு ஒரு எடை வருகிறது.

பக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: இந்தக் கோபுர நிழல் தரையில் விழாது, மேலே இருப்பது 80 டன் ஒற்றைக் கல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஆறாம் வகுப்பில் அப்படிக் கேட்டவன்தான். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோது விமானத்தின் நிழல் மேற்குப் பக்கம் கல்தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. அதன் மேல்தான் நடந்து போனோம். மேலே உள்ள கல்லும் ஒரே கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

அந்த வழிகாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டதைச் சொல்கிறார். என் வருத்தம் வேறு. அவர் நின்று பேசிய இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சுவர் முழுக்க எழுத்து. அதில் ஒரு எழுத்தைக்கூட அங்கே நின்ற யாரும் பார்க்கவில்லை, நாங்கள் உட்பட. அது வேற்று மொழி இல்லை. தமிழ். பன்னிரண்டு வருஷம் தமிழ்வழியில் படித்துவிட்டு, தமிழில் எழுதிய சுவர் முன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவன்போல நின்றேன். எனக்கு அது வலித்தது.

எங்களில் ஒருவனுடைய அக்கா வரலாறு முதுகலை படிக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் கோயில் நடை சாத்திய நேரத்தில் அறையில் படுத்திருந்தபோது, இவன் எடுத்த சுவர்ப் படம் ஒன்றை அக்காவுக்கு அனுப்பிக் கேட்டான். பத்து நிமிஷத்தில் சோழர் கால எழுத்து அட்டவணை ஒன்று வாட்ஸப்பில் வந்தது. அப்புறம் கல்வெட்டுத் தொகுதியில் அச்சான பாடத்தின் சில பக்கங்கள். கூடவே குரல் பதிவில் கட்டளைகள்: “எழுத்து மேல சாக்பீஸ், மாவு எதுவும் போடாதீங்கடா. விரலால தேய்க்காதீங்க. போன் டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க, எழுத்து தானா எழுந்து வரும். இல்லன்னா காலை வெயில்ல போங்க.”

அதனால்தான் ஞாயிறு காலை தாராசுரத்தை விட்டுவிட்டு மறுபடி அங்கே போனோம்.

படிப்பது நாம் நினைப்பதைவிடக் கஷ்டம், பயப்படுவதைவிட எளிது. புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. துணைக்கால் எது, ‘ர’ எது என்று குழப்பும். குறில் எகரம், நெடில் ஏகாரம் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ‘ட’, ‘ப’, ‘ம’, ‘வ’ கொஞ்சம் பழகினால் பிடிபட்டுவிடும். வடமொழிச் சொற்களுக்கான ‘ஸ்ரீ’ போன்ற கிரந்த எழுத்துகளைத் தனியே அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். அச்சுப் பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடினோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, அக்காவுக்குப் போன் போட்ட அதே நண்பன் கத்தினான்: “டேய், இங்க பாரு, அக்கன்!”

கல்லில் ‘அககன’ என்றுதான் இருக்கிறது. புள்ளியை நாம் வைத்துப் படிக்க வேண்டும். ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் சொன்ன வாசகம் அது: “நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக.” நான் கொடுத்தது, என் அக்கா கொடுத்தது, என் மனைவியர் கொடுத்தது, வேறு யார் யார் கொடுத்தார்களோ அதுவும், எல்லாவற்றையும் வெட்டி வையுங்கள் என்கிறார். அக்கன் என்றால் குந்தவை. ஒரு பேரரசன் தன் பெயருக்கு அடுத்து அக்காவை வைத்துவிட்டு, கடைசியில் ‘மற்றும் குடுத்தார்’ என்று ஊர் பேர் தெரியாதவர்களுக்கும் இடம் விடுகிறான். இதற்கு முன்னால் நிழல் விழாத கதை எல்லாம் எனக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

அக்கா அனுப்பிய பக்கங்களில் இன்னொரு கல்வெட்டின் பாடமும் இருந்தது. கோயில் பணிக்கு வந்தவர்களின் பட்டியல். பல ஊர்த் தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்பது முதற்கொண்டு இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: நக்கன் சேரமங்கை. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், அதுவும் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்து. எடுத்தபாதம் என்று ஒரு பெண்ணின் பெயர். நடராசரின் தூக்கிய காலைப் பெயராக வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா, ஊரை விட்டு வர அழுதார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. பெருமை பேசும்போது அதையும் நினைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் ஆயிரம் வருஷம் கழித்து அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறதே, அது சாதாரணமா?

அதே பட்டியலில் நட்டுவனார், பாடுவோர், கொட்டி மத்தளம் வாசிப்போர், கணக்கர், குயவர், ஈரங்கொல்லி என்கிற வண்ணார், நாவிதர், தச்சர் எல்லாரும் வருகிறார்கள். குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது. அப்புறம் ‘தையான்’. தையற்காரர். அதைப் படித்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். என் அப்பா தையற்காரர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஒற்றை மெஷினை வைத்து என்னைப் படிக்க வைத்தவர். அன்று ராத்திரி போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “பேரு போட்டிருக்கானா? கூலி எவ்வளவு?” என்று கேட்டார்.

இந்தச் சுவர் பேசியும் நாம் கேட்காமல் இருந்ததற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில்கூட இந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதில் குழப்பம் இருந்தது. கரிகாலன் என்றும், கிருமிகண்ட சோழன் என்றும் தலபுராணங்களை வைத்துச் சொன்னார்கள். ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’, அதாவது நாம் கட்டுவித்த கற்கோயில் என்று ராஜராஜனே சுவரில் சொல்லியிருந்தும்! ஜெர்மனியிலிருந்து வந்த கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ச் 1886 வாக்கில் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் விஷயம் தெளிவானது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இன்றும் நாம் அதே நிலையில்தானே நிற்கிறோம்? பாடம் அச்சாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோயிலுக்கு வருகிறவருக்கு அது எட்டவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்புத் தமிழில் ஒரு பத்து மணி நேரம் பழைய எழுத்துக்கு ஒதுக்குங்கள். வட்டெழுத்து என்னும் இன்னொரு பழைய எழுத்து வரை போக வேண்டாம், சோழர் காலத் தமிழெழுத்து போதும். நாங்கள் ஐந்து பேர் ஒரு காலைப்பொழுதில் இவ்வளவு பிடித்தோம் என்றால் பதினான்கு வயதுப் பிள்ளைகள் இன்னும் வேகமாகப் பிடிப்பார்கள். முக்கியமான வரிகள் இருக்கும் இடங்களில், சுவரைத் தொடாமல் தள்ளி, இன்றைய எழுத்தில் அதே வரியைப் பலகையில் வையுங்கள். உயரம், ஆண்டு, எடை மட்டும் போதாது. ‘அக்கன்’ எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரும் அக்காக்கள் அங்கே நின்று படம் எடுக்கட்டும். கல்லூரிகள் சுற்றுலா கூட்டிப்போகும்போது ஒரே நாளில் நாலு ஊர் என்று ஓட்டாமல், ஒரு கோயிலில் அரை நாள் உட்கார விடுங்கள்.

அப்புறம் ஒன்று. திருச்சுற்றில் எழுத்துகளுக்கு நடுவே யாரோ சாவியால் கீறிய இதயமும் இரண்டு பெயரும் பார்த்தேன். கீறியவருக்கு அடியில் இருப்பது எழுத்து என்றே தெரிந்திருக்காது. தெரிந்தால் கை வராது என்று நான் நம்புகிறேன்.

அரண்மனை, சரபோஜி மன்னரின் நூல் சேகரம் பற்றித் தனியாக எழுத வேண்டும். சரஸ்வதி மகாலில் சுவடிகள் முன்னால் நாங்கள் நின்றது வெறும் அரை மணி நேரம், அதை வைத்து எழுதினால் சரியாக இருக்காது. பெரிய கோயிலிலேயே 1803இல் அவர் வெட்டுவித்த நீண்ட மராட்டிக் கல்வெட்டும் இருக்கிறது, தஞ்சை மராட்டிய மன்னர்களின் போன்ஸ்லே வம்ச வரலாறு முழுக்க. அதைப் படிக்க மராட்டி தெரிந்த நண்பர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் உத்திரமேரூர் போகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. வர விருப்பம் உள்ளவர்கள் கீழே சொல்லுங்கள், அக்கா கொடுத்த எழுத்து அட்டவணையை அனுப்புகிறேன். காலை ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும், வெயில் சாய்வாக விழும் நேரம் கொஞ்சம்தான்.