ஒருநாள் சாப்பாட்டைக் கேட்டால் உணவுப் பழக்கம் தெரியுமா?

"நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டாலே கிராமத்தவர் ஒவ்வொருவரின் உணவுப் பழக்கமும் தெரிந்துவிடும்" என்று பகிரப்படும் தகவல் தவறு.

ஒருநாள் விபரம் ஊரின் சராசரிக்குத்தான் உதவும். தனியாளின் வழக்கத்தை அறிய, அடுத்தடுத்து வராத இரண்டு நாளாவது கேட்க வேண்டும். திருகோணமலையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் குறையும். ஆகவே பருவம் மாற்றியும் கேட்பது அவசியம்.

முதலில் அவர்களாகவே சொல்லட்டும், இடைமறிக்காதீர்கள். பிறகு நேரம், சமைத்த விதம், அளவு. குரக்கன் பிட்டை அந்த வீட்டுக் கோப்பையாலேயே அள்ளித் தராசில் நிறுங்கள். வயல் வழியில் பறித்துத் தின்ற நாவற்பழம் தானாக நினைவுக்கு வராது; துருவிக் கேட்டால்தான் வரும்.

பெண்களின் உணவுப் பன்மையை, அதாவது எத்தனை விதமான உணவு உண்கிறார்கள் என்பதை, 10 உணவு வகைகளாக எண்ணுவார்கள். ஒரு வகையில் 15 கிராமுக்குக் குறைவாக உண்டால் அது கணக்கில் சேராது. ஆகவே சம்பலில் தூவிய சிறிதளவு மாசியை (உலர்ந்த மீன்) 'மீன்' என்று பதிவது அடிக்கடி நடக்கும் பிழை.