‘ஸ்டார்போர்டு’ என்ற சொல்லில் நட்சத்திரம் இல்லை

கப்பலின் வலப்பக்கத்தில் நின்று மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்து வழி கண்டார்களாம். அதனால்தான் அப்பக்கத்துக்கு ‘ஸ்டார்போர்டு’ என்று பெயராம். வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த விளக்கம் தவறு. விண்மீன்கள் என்ன, கப்பலின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியுமா?

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டியோர்போர்டு’ என்றால் ‘சுக்கான் பக்கம்’. கப்பலின் பின்புற நடுவில் சுக்கான் பொருத்தும் வழக்கம் வருவதற்கு முன், திசை திருப்பும் பெரிய துடுப்பை வலப்பக்கத்தில் கட்டினார்கள். துறையை ஒட்டி நிற்கும்போது அது நசுங்கக் கூடாதல்லவா? ஆகவே இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்தார்கள். அப்பக்கத்துக்கு ‘போர்ட்’, அதாவது துறைமுகம், என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

இடப்பக்கத்தின் பழைய பெயர் ‘லார்போர்டு’. புயலில் கத்திச் சொன்னால் ‘ஸ்டார்போர்டு’, ‘லார்போர்டு’ இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை ‘லார்போர்டை’க் கைவிட்டது; 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அப்படியே செய்தது.

அதே வாட்ஸ்அப் செய்தி, ‘போர்ட்’ என்றால் உங்கள் இடக்கைப் பக்கம் என்றும் சொல்கிறது. அது பாதிதான் சரி. அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, நோக்கி நின்றால்தான் அப்படி. நீங்கள் திரும்பி நின்றாலும் ‘போர்ட்’ இடம் மாறாது. இரவில் சிவப்பு விளக்கு எரியும் பக்கம் அதுவே. ஸ்டார்போர்டில் பச்சை.