பெட்டி தூக்குவதாக இருந்தால் வரலாம் என்றார்கள்

1992 நவம்பரில் டர்பனில் நடந்த டெஸ்ட் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். டிவி ரீப்ளே பார்த்து முதன்முதலாக அவுட் கொடுக்கப்பட்டது சச்சினுக்கு, அந்த ஆட்டத்தில்தான். பிரவீன் ஆம்ரே முதல் டெஸ்டிலேயே சதம் அடித்ததும் அங்கேதான். அதே ஆட்டத்தில் ஓமர் ஹென்றி என்ற சுழற்பந்து வீச்சாளர் நாற்பது வயதில் தென்னாப்பிரிக்காவுக்காக இறங்கினார். நிறவெறிக்காக விதிக்கப்பட்ட தடைக்காலம் முடிந்து திரும்பிய அந்த டெஸ்ட் அணியில் முதல் வெள்ளையரல்லாதவர் அவர்.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். 98 வருடம் முன்பே அந்த நாட்டு அணிக்குத் தகுதியோடு நின்றவர். குரோம் ஹென்ட்ரிக்ஸ்.

கேப் டவுனின் மலாய் சமூகத்து அணியில் ஆடிய வேகப்பந்து வீச்சாளர். பெயர்தான் மலாய். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து மட்டுமல்ல, வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கையிலிருந்தும் டச்சுக்காரர்கள் அடிமைகளாகக் கொண்டுபோனவர்களின் வழிவந்தவர்களும் அந்தச் சமூகத்தில் கலந்திருக்கிறார்கள்.

1892 மார்ச்சில் டபிள்யூ. டபிள்யூ. ரீட் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி கேப் டவுன் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவை 97, 83 ரன்களுக்குச் சுருட்டி இன்னிங்ஸ் தோல்வி கொடுத்தது. கையோடு அதே ஊரில் மலாய் அணியோடும் ஆடினார்கள். அந்தக் கால வழக்கப்படி பதினொருவருக்கு எதிராகப் பதினெட்டுப் பேர். ஹென்ட்ரிக்ஸ் 25 ஓவர் வீசி 50 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். அவரை நேரில் எதிர்கொண்ட இங்கிலாந்து ஆட்டக்காரர்களே அவர் வேகத்தைப் புகழ்ந்தார்கள்.

1894-இல் தென்னாப்பிரிக்கா முதன்முறையாக இங்கிலாந்துக்கு அணி அனுப்பியபோது அவர் பெயர் பரிசீலனையில் இருந்தது. அதை நீக்கியவர் வில்லியம் மில்டன். கேப் டவுன் பகுதியை ஆண்ட பிரிட்டிஷ் கேப் காலனியின் பிரதமர் செசில் ரோட்ஸின் வலதுகரம். 1892-இல் ஓட்டுரிமைக்கான சொத்துத் தகுதியை 25 பவுண்டிலிருந்து 75 பவுண்டாக உயர்த்திக் கறுப்பர்களின் ஓட்டைக் குறைத்தது அதே ரோட்ஸ் அரசுதான். ஹென்ட்ரிக்ஸை அனுப்பச் சம்மதிக்கவில்லை என்று ரோட்ஸே பின்னாளில் ஆங்கிலேய ஆட்டக்காரர் பெல்ஹாம் வார்னரிடம் சொல்லியிருக்கிறார். உணவு இடைவேளையில் ஹென்ட்ரிக்ஸைப் பூமராங் வீசிக் காட்டச் சொல்வார்களாம் இங்கிலாந்தில். பூமராங் ஆஸ்திரேலியப் பழங்குடிகளுடையது. அந்த வித்தியாசம்கூட ரோட்ஸுக்குப் பொருட்டாக இல்லை.

ஏ. பி. டாங்க்ரெட் என்ற பேட்ஸ்மேன் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டெஸ்டில் கடைசிவரை அவுட்டாகாமல் நின்ற முதல் தொடக்க ஆட்டக்காரர் என்று சாதனைப் பட்டியலில் இருப்பவர். ஹென்ட்ரிக்ஸைச் சமமாக அழைத்துப் போக முடியாது, பெட்டி தூக்கும் ஆளாக வரட்டும், தோதான சமயத்தில் ஒன்றிரண்டு ஆட்டத்தில் இறக்கலாம் என்றார். யோசித்துப் பாருங்கள். டாங்க்ரெட்டின் மட்டையையும் காலணியையும் ரயிலில் ஏற்றி இறக்கிவிட்டு, கூப்பிட்டால் போய்ப் பந்து வீச வேண்டும். ஹென்ட்ரிக்ஸ் பத்திரிகையிலேயே பதில் சொன்னார்: அந்த நிலையில் போவதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன் என்று. அவருக்காகப் பேசிய கிரிக்கெட் சங்கச் செயலாளர் ஹாரி கேட்வாலடர்தான் மேனேஜராகப் போயிருக்க வேண்டியவர். கடைசியில் அவரையும் கழற்றிவிட்டார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அந்தக் காலம் அப்படி." இல்லை. அதே காலத்தில்தான் கேட்வாலடரும் இருந்தார். ஹென்ட்ரிக்ஸ் வேண்டும் என்றவர்கள் வெள்ளையர்களிலேயே இருந்தார்கள். காலத்தின் மேல் பழியைப் போட்டால் மில்டனும் ரோட்ஸும் தப்பித்துவிடுவார்கள். நிறவெறி 1948-இல் பிறந்தது போலப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சட்டப் பெயர் வேண்டுமானால் அப்போது வந்தது.

அதோடும் விடவில்லை. அடுத்தடுத்து வந்த இங்கிலாந்து அணிகளுக்கு எதிராகவும் அவரை எடுக்கவில்லை. அப்புறம் 1897-இல் உள்ளூர் சாம்பியன்ஷிப் ஆட்டங்களிலிருந்தும் ஒதுக்கினார்கள்.

டெஸ்ட் பதிவேட்டில் டாங்க்ரெட் இருக்கிறார். மில்டன் கேப்டனாகவே இருக்கிறார். ஹென்ட்ரிக்ஸுக்கு ஒரு வரி இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: 25 ஓவர், 50 ரன், 4 விக்கெட்.