பல்லைப் பார்த்து ஊரைக் கேட்டேன்

போன மாதம் கோலாரில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே இருந்தவர் சிரித்தார். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள். என் பல்லிலும் அதே கோடுகள்தான். "நம்ம தர்மபுரியா?" என்று கேட்டேவிட்டேன். "இல்லைங்க, இங்கேதான், பக்கத்துக் கிராமம்" என்றார்.

பாறைக்கு மாநில எல்லை தெரியாது. தர்மபுரி, கோலார், அனந்தபூர், நல்கொண்டா எல்லாமே கருங்கல் பூமி. கல்லிலிருந்து புளோரைடு கரைந்து போர்வெல் தண்ணீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. முதலில் பல், பிறகு எலும்பு. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவுதான் கூடும்.

தீர்வுகள் மட்டும் ஊருக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் முறைக்கே நல்கொண்டா என்று பெயர். புளி சாப்பிட்ட சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறுவதைக் கண்டது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். வண்டி வண்டியாகப் புளி விற்கும் நம் ஊரில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. (என் அம்மாவின் புளிக்குழம்பைக் குறை சொன்னதற்கு இப்போது வருந்துகிறேன்.)

நம்மிடம் இருப்பது, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனில், 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் திறந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் மூத்தவர்களுக்கு இப்போது நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் போர்வெல் குடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு இதைவிட வாய்ப்பான இடம் எங்கே கிடைக்கும்? இரு மாநில மருத்துவர்களும் நிலத்தடி நீர் வல்லுநர்களும் ஒரே படிவத்தோடு, ஒரே பருவத்தில் பள்ளிகளுக்குப் போய்ப் பல்லையும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காவிரி வழக்குக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரையாக வந்து விழும் தென்பெண்ணையையும் அப்படியே இருவரும் சேர்ந்து சோதிக்கலாம். ஆளுக்கொரு அறிக்கையை வைத்துக்கொண்டு சண்டை போடுவதில் என்ன பயன்?

கோலார்க்காரர் கை கழுவும்போது கேட்டார்: "உங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டதாமே, பிள்ளைகளுக்குப் பல் எப்படி?"

என் மகளுக்கு வெள்ளைப் பல். அண்ணன் வீடு குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் எட்டாத நாள்களில் அதே தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றுகிறார்கள். அவன் பையனின் முன்பற்களில் சுண்ணாம்பு தெறித்தது போல் வெள்ளைத் திட்டுகள். இருவருக்கும் பத்து வயது.