அறிக்கை வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டுமாம்

ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். பார்க்காதவர்களுக்கும் அந்த நாற்பது விநாடித் துண்டு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். போலீஸ் காவலில் செத்துப்போன பையனின் அக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து அந்த ஓய்வுபெற்ற அதிகாரி, "விசாரணைக்கு உத்தரவு போட்டாச்சும்மா, அறிக்கை வரட்டும், அதுவரைக்கும் பொறுமையா இருங்க, சும்மா சந்தேகத்தைக் கிளப்பிவிடக் கூடாது" என்கிறார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். நெறியாளர் இடைவேளைக்குப் போய்விட்டார்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. நேற்று முழுக்க எழுத வேண்டாம் என்று என்னையே அடக்கிவைத்திருந்தேன். முடியவில்லை.

அறிக்கை வரட்டும் என்கிறீர்களே, எந்த அறிக்கை வந்தது? காவலில் ஒருவர் இறந்தால் விசாரணைக்கு உத்தரவு என்பது மறுநாள் காலை செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அதன் முடிவு எந்த நாள் செய்தித்தாளில் வந்தது, எத்தனை பேர் அதை முழுதாக வாசித்தீர்கள்? செத்தவனின் குடும்பத்துக்கே அதன் நகலை வாங்க வக்கீல் வைத்து அலைய வேண்டியிருக்கிறது. கண்ணில் காட்டாத ஒன்றை நம்பு என்று சொல்லிவிட்டு, நம்பாதவர்களைப் பார்த்து வதந்தி பரப்புகிறாய் என்று சொல்வது என்ன நியாயம்?

சந்தேகப்படுவது எங்களுக்குப் பிறவிக் குணம் இல்லை. பார்த்துப் பார்த்து வந்தது. எதைப் பார்த்து வந்தது என்று சொல்கிறேன்.

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்திலிருந்து ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னார்கள். அவரை அங்கேயே அடித்துக் கொன்றிருந்தார்கள் என்பது வெளியே வர அவருடைய மனைவி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதாகி இறந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையிலேயே எழுதினார்கள். அப்புறம் மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்றார்கள். 2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலகக் குடியிருப்பு காவல் நிலையத்தில் விக்னேஷ் என்ற இளைஞர் இறந்தபோது வலிப்பு என்றார்கள். உடற்கூறாய்வில் 13 காயங்கள் இருந்தன, பிறகு அது கொலை வழக்காக மாறியது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் தப்பிக்கப் பார்த்து விழுந்தார், வலிப்பு வந்தது என்றார்கள். உடலில் 44 காயங்கள்.

இந்த நான்கிலும் முதலில் சொன்ன கதையைச் சொன்னது யார் என்று மட்டும் பாருங்கள். யார் மீது சந்தேகமோ அவர்கள்தான் முதல் காகிதத்தை எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிற விசாரணை எல்லாம் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அதை உடைப்பதற்கு ஒரு ரகசிய வீடியோவோ, மனசாட்சி உள்ள ஒரு மனிதரோ வேண்டியிருக்கிறது. மடப்புரத்தில் கோயில் ஊழியர் ஒருவர் மறைவாக நின்று எடுத்த வீடியோ இல்லாமல் இருந்திருந்தால், அஜித்குமார் இன்றைக்கும் வலிப்பு வந்து செத்தவராகத்தான் கோப்பில் இருந்திருப்பார்.

வலிப்பு. அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். ஏன் என்று இத்தனை வருடமாக இங்கே எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2003இல் எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். என்னோடு பத்தாவது வரை படித்தவன். அப்புறம் பெயின்ட் வேலைக்குப் போய்விட்டான். அவன் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், உறவு இல்லை, ஆனால் எங்கள் வீட்டுச் சாவி அவர்களிடம் இருக்கும் அளவுக்குப் பழக்கம். ஏதோ மோட்டார் காணாமல் போன விஷயமாக ஒரு ராத்திரி அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்றார்கள். மறுநாள் மத்தியானம் அரசு மருத்துவமனைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அவ்வளவுதான்.

அப்போது இதற்கெல்லாம் ஆர்.டி.ஓ. விசாரணைதான், அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிப்பார். அத்தைக்குச் சம்மன் வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் அதே ஸ்டேஷன் காவலர். துணைக்கு நான்தான் போனேன். அந்த அலுவலக வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஒரு ஓரத்தில் நாங்கள், இன்னொரு ஓரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போன அதே ஆட்கள். அத்தை இரண்டு மணி நேரம் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, "தண்ணி வேணுமாம்மா" என்று கேட்டார். அவர் நல்ல எண்ணத்தில் கேட்டாரா, வேறு எப்படியா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உள்ளே அத்தையிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? பையன் குடிப்பானா? வீட்டில் சண்டையா? காதல் விவகாரம் ஏதாவது உண்டா? ஏற்கனவே ஏதாவது நோய் உண்டா, நெஞ்சுவலி, வலிப்பு? அத்தை படிக்காதவர், பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு வயசுல ஜுரம் முத்தி ஒரு தடவை வலிப்பு வந்துச்சுங்க ஐயா, அப்புறம் வரவே இல்லை" என்றார். எழுதிக்கொண்டார்கள். கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த ராத்திரி ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அத்தையிடம் ஒரு கேள்விகூட இல்லை. உடம்பில் என்ன பார்த்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் பார்த்திருந்தார். முதுகைப் பார்த்திருந்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து வக்கீல் சொன்னார், அறிக்கையில் "சிறுவயது முதல் வலிப்பு நோய் உள்ளவர்" என்று இருக்கிறதாம். ஒரு தடவை என்று சொன்னது சிறுவயது முதல் என்று ஆகிவிட்டது. மேல் நடவடிக்கை இல்லை. முழு அறிக்கையை இன்றுவரை அவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

விசாரணை என்றால் கொன்றவனை விசாரிப்பது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இங்கே செத்தவனைத்தான் விசாரிக்கிறார்கள். அவன் குடித்தானா, அவனுக்கு என்ன வியாதி, அவன் மேல் பழைய வழக்கு உண்டா. அந்த விவாதத்திலும் அதுதான் நடந்தது, அந்த அதிகாரி மூன்று தடவை அந்தப் பையனின் பழைய வழக்கைப் பற்றிப் பேசினார், யாரும் தடுக்கவில்லை.

"அது பழைய கதை, சட்டம் மாறிவிட்டது" என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஆமாம், மாறியது. 2005 திருத்தத்துக்குப் பிறகு காவல் மரணத்தை நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ) என்று இருந்தது, இப்போது புதிய சட்டத்தில் 196. நல்ல திருத்தம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நடுவர் ஸ்டேஷனுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதையும் சாத்தான்குளத்தில் பார்த்தோமே. கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் உயர் நீதிமன்றம் சொல்லி அங்கே விசாரிக்கப் போனார். உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு காவலர் ஒருமையில் அவரிடமே சொன்னார். லத்திகளை ஒப்படைக்கச் சொன்னால் தயங்கினார்கள். கேமரா பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன, சேமித்து வைக்க இடம் இருந்தும். கடைசியில் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறை தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஒரு நீதிபதிக்கே இந்த மரியாதை என்றால், சம்மன் வாங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாவின் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அன்றைக்கு உண்மையைச் சொன்னது தலைமைக் காவலர் ரேவதி. மேஜையிலும் லத்தியிலும் ரத்தக்கறை இருந்தது என்று பயந்து பயந்து சொன்னார், ஆனால் சொன்னார். போலீஸ்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்வதாகக் கிளம்புகிறவர்களுக்காக அவர் பெயரை எழுதுகிறேன். என் தாய்மாமா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு வீட்டில் இருந்ததில்லை, வார விடுமுறை கிடையாது, அதிகாரி வீட்டு வேலை வரைக்கும் பார்த்தவர். அந்தக் கஷ்டம் எல்லாம் எனக்குத் தெரியும், யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். அத்தை விஷயத்தைச் சொல்லி அழுதபோது மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஜி.டி.யில என்ன எழுதியிருக்கோ அதுதான் நடந்தது, மத்ததெல்லாம் நடக்கலைன்னு வச்சுக்கோ." ஜி.டி. என்றால் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு. சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சி.பி.ஐ.க்கு மாற்றிவிட்டார்களே, இன்னும் என்ன வேண்டும் என்று இன்னொரு கேள்வி. கேரளத்தில் 2005இல் திருவனந்தபுரம் ஃபோர்ட் காவல் நிலையத்தில் உதயகுமார் கொல்லப்பட்டார். 2018இல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு காவலர்களுக்குத் தூக்குத்தண்டனை கொடுத்தது. 2025இல் விசாரணையில் இருந்த குறைகளைச் சொல்லி உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. இருபது வருடம் உதயகுமாரின் அம்மா நடந்திருக்கிறார். சாத்தான்குளம் வழக்கோ, சம்பவம் நடந்து ஐந்து வருடம் தாண்டியும் விசாரணை நீதிமன்றத்திலேயே இருந்தது. வழக்கை மாற்றுவது வேறு, நீதி கிடைப்பது வேறு. அந்த முதல் இரண்டு நாளில் கழுவித் துடைத்ததை ஆறு மாதம் கழித்து வருகிற எந்த அதிகாரியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்பீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2001 முதல் 2020 வரை நாடு முழுக்கப் பதிவான காவல் மரணங்கள் 1,888. காவலர்கள் மீது பதிவான வழக்குகள் 893. குற்றப்பத்திரிகை 358 பேர் மீது. தண்டனை பெற்றவர்கள் 26 பேர். இது அரசாங்கத்தின் கணக்கு, என்னுடையது இல்லை. இருபது வருடத்தில் 26 பேர். இதைப் பார்த்துவிட்டும் பொறுமையாக இரு என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சிலருக்கு நிஜமாகவே நெஞ்சுவலி வந்திருக்கலாமே என்றால், வந்திருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன், ஸ்டேஷனில் நடக்கும் ஒவ்வொரு சாவும் கொலை இல்லை. அப்படியென்றால் கேமரா பதிவை வெளியிடுங்கள். எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. பிரேதப் பரிசோதனை அறிக்கையை அன்றைக்கே குடும்பத்திடம் கொடுங்கள். நடுவரின் அறிக்கையை இணையத்தில் போடுங்கள். அந்தக் காவலர் நிரபராதி என்றால் அவருக்கும் அதுதானே பாதுகாப்பு? மறைக்க ஒன்றுமில்லை என்பவர்கள் ஏன் ஒவ்வொரு முறையும் கேமரா பழுது என்கிறார்கள்?

குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்பவர்களுக்கு எனக்குப் பொறுமை இல்லை. அஜித்குமாரை அடித்தபோது அவர் மேல் வழக்கே பதிவாகவில்லை. ஒருவரின் நகை காணாமல் போனது என்ற வாய்மொழிப் புகார், அவ்வளவுதான். கைதியின் கையில் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்ற செய்திக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போடுகிறீர்களே, அதில் என் நண்பர்கள் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கையை உடைக்கலாம் என்று நீங்கள் கொடுத்த அனுமதியில்தான் ஒரு நாள் உயிரும் போகிறது. பிறகு நிவாரணம், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை, பேச்சுவார்த்தை, உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி நெருக்கடி. அந்தக் குடும்பம் உடலை வாங்க மாட்டோம் என்று மூன்று நாள் உட்காருவது பணத்துக்காக என்று எழுதினீர்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த உடம்புதான். அதையும் எரித்துவிட்டால் மிச்சம் இருப்பது காகிதம் மட்டும். அந்தக் காகிதத்தை யார் எழுதுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரிவதில்லை, தொலைக்காட்சியைச் சத்தத்துக்காகத்தான் போட்டுவைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவரும் அந்த விவாதத்தைக் கேட்டிருக்கிறார். நேற்று போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கும் வலிப்பாமா?" என்று கேட்டார். இல்லை அத்தை, நெஞ்சுவலியாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒவ்வொரு முறையும் கேட்பதையே மறுபடியும் கேட்டார்.

"அன்னைக்கு நான் அந்த ஜுரத்தைப் பத்திச் சொல்லாம இருந்திருக்கணுமோடா?"