எட் ஷீரன் பாடாததற்குக் காரணம் அதுவல்ல

2023 மே 7-ல் இங்கிலாந்தின் விண்ட்சரில் நடந்த மன்னர் சார்லஸின் முடிசூட்டு இசை விழாவில் பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரன் பாடாதது மன்னராட்சிக்கு எதிர்ப்புக் காட்டத்தான் என்று பலரும் பகிர்கிறீர்கள். அது சரியல்ல, நண்பர்களே. அதற்கு முந்தைய இரவுதான் டெக்சாஸின் ஆர்லிங்டனில் அவருடைய அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. எலிசபெத் அரசியின் ஆட்சி ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 2012, 2022 விழாக்கள் இரண்டிலும் பாடியவர் அவர். 2017-ல் எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருதை, அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் கையாலேயே வாங்கினார்.

முடியாட்சி வேண்டாம் என்பவர்கள் பிரிட்டனில் நிறையவே உண்டு. முடிசூட்டு நாளன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் மஞ்சள் பதாகைகளோடு திரண்டார்கள். அது மதிக்க வேண்டிய குரல். ஆனால் அதை இவர் வாயில் திணிக்க ஆதாரம் இல்லை.

சரிபார்ப்பது எளிது: அவருடைய 2023 பயண அட்டவணையில் மே 6-ஐப் பாருங்கள். 2022-ல் பக்கிங்ஹாம் அரண்மனை முன் கிடாருடன் அவர் பாடிய காணொளியும் யூடியூபில் கிடைக்கும்.