அமேலியா ஏர்ஹார்ட்டை உளவாளி ஆக்காதீர்கள்

1937இல் விமானத்தில் உலகைச் சுற்றும் பயணத்தில் காணாமல்போன அமெரிக்க விமானி அமேலியா ஏர்ஹார்ட்டின் மர்மம் விலகியது என்று அவ்வப்போது ஒரு செய்தி வந்துவிடுகிறது. ஜப்பானியர் சிறைபிடித்தார்கள், அமெரிக்காவுக்காக உளவு பார்த்தார், வேறு பெயரில் ஊர் திரும்பி வாழ்ந்தார் என்று கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

1928இல் விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெண் என்று உலகமே அவரைக் கொண்டாடியது. ஓட்டியவர்கள் ஆண்கள், தான் வெறும் உருளைக்கிழங்கு மூட்டையாகத்தான் போனேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1932 மே மாதம் அதே கடலைத் தன்னந்தனியாகக் கடந்து அந்தக் கணக்கைத் தீர்த்தார். உயரம் காட்டும் கருவி வழியில் பழுதானது. இறக்கைகளில் பனி உறைந்தது. எஞ்சின் புகைக்குழாயின் விரிசலில் தீ எரிவதைப் பார்த்துக்கொண்டே இரவெல்லாம் ஓட்டி, சுமார் 15 மணி நேரம் கழித்து வட அயர்லாந்தின் மேய்ச்சல் நிலம் ஒன்றில் இறங்கினார்.

இத்தகைய விமானியின் கடைசிப் பயணத்தை ஒரு விமானியின் பயணமாகவே பார்க்க வேண்டாமா?

உலகைச் சுற்றும் முதல் முயற்சியில், 1937 மார்ச்சில் ஹொனலுலுவில் புறப்படும்போதே விமானம் ஓடுபாதையில் சுழன்று சேதமடைந்தது. அதன்பின் ரேடியோவும் மோர்ஸ் என்னும் தந்திக் குறியீடும் நன்கறிந்த ஹாரி மானிங் குழுவிலிருந்து விலகினார். எஞ்சிய அமேலியாவுக்கும் வழிகாட்டி ஃபிரெட் நூனனுக்கும் மோர்ஸில் பழக்கம் குறைவு. மறுபடி கிளம்பி, இம்முறை கிழக்கு நோக்கி, கராச்சி, கல்கத்தா வழியாக நியூகினியின் லே வரை வந்துவிட்டார்கள். ஜூலை 2 அன்று அங்கிருந்து பசிபிக் கடலின் நடுவே உள்ள ஹவுலண்ட் தீவுக்குக் கிளம்பினார்கள். தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல். தீவின் நீளமோ இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை.

தீவருகே அவருக்கு வழிகாட்டக் காத்திருந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் இட்டாஸ்கா கப்பலில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. காலை 7.42க்கு, உங்களுக்கு மேலேதான் இருக்க வேண்டும், ஆனால் உங்களைக் காணவில்லை, எரிபொருள் குறைகிறது என்றார். கப்பலிலிருந்து பேசியது அவருக்கு எட்டவில்லை. மோர்ஸ் ஒலி ஒருமுறை கேட்டும், அதைக்கொண்டு திசை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் அந்தக் குரலும் நின்றது.

திசை தெரியாமல் எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ரேடியோ ஏற்பாட்டில் குறை இருந்தது. அதில் அவருக்கும் பங்குண்டு. அதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. உளவாளிக் கதைதான் அவருடைய உழைப்பையும் துணிவையும் வேறு யாரோ ஏவிய வேலையாக்கிவிடுகிறது. மர்மம் எழுதுகிறவர்கள், மானிங் விலகியதைப் பற்றியும் அந்த ரேடியோவைப் பற்றியும் ஒரு பத்தியாவது எழுதட்டும்.